பூண்டு கிருமியைக் கொல்லுமா?

குரங்கணியிலும் போடியிலும் நம் வீடுகளில் சளி என்றால் பூண்டுப்பால்தான். பக்கத்துக் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

பூண்டின் கிருமி எதிர்ப்புப் பொருள் அல்லிசின். 1944-இல் கவல்லிட்டோவும் பெய்லியும் இதைப் பிரித்தெடுத்தனர். முழுப் பல்லில் அல்லிசின் இருப்பதில்லை; நசுக்கும்போது அல்லினும் அல்லினேஸ் நொதியும் கலந்தே உருவாகிறது. சூடு அல்லினேஸைக் கெடுத்துவிடும். ஆகவே நசுக்கி 10 நிமிடம் வைத்த பிறகு சமையுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் அல்லிசின் ஈ.கோலை, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் நொதிகளை முடக்குகிறது. ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி சாவது வேறு, உடலுக்குள் நோய் குணமாவது வேறு.

பூண்டு நல்ல உணவு, ஆன்டிபயாடிக்குக்கு மாற்றல்ல. பிள்ளைக்கு டைஃபாய்டோ நிமோனியாவோ என்று சந்தேகம் வந்தால் பூண்டை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். உடனே போடி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் தரும் மாத்திரையைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். மருத்துவம் செய்துகொள்வது நம் கடமை.