நடுமுள் முதல் முள்ளந்தண்டு வரை

காரைக்காலின் கோட்டுச்சேரிமேட்டில் மீன் அறுப்பவர்கள் கத்தியை நடுமுள்ளை ஒட்டியே ஓட்டுவார்கள். மீனுக்கு அது நடுமுள், மனிதனுக்கு முள்ளந்தண்டு. குனிந்திருப்பவர் முதுகில் விரலைக் கீழ்நோக்கி இழுத்தால் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். ஒவ்வொரு முள்ளெலும்பும் பின்னால் நீட்டியிருக்கும் முனை அது. தோலுக்கு மேலிருந்தே கைக்கு எட்டியதை வைத்து வந்த பெயர் முள்ளந்தண்டு. இலத்தீனில் ‘ஸ்பைனா’ என்றாலும் முள்தான்.

இலங்கைப் பாடநூல்கள் இன்றும் முள்ளந்தண்டு என்றே எழுதுகின்றன. தமிழ்நாட்டில் முதுகெலும்பு நிலைத்துவிட்டது. முதுகுக்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு: வெரிந். நகர மெய்யில் முடியும் சொற்கள் இரண்டே என்கிறது தொல்காப்பியம். பொருந் ஒன்று, வெரிந் மற்றொன்று. அது வெந் எனச் சுருங்கியது. போரில் முதுகு காட்டி ஓடுவது வெந்நிடுதல். தமிழ்ப் பேச்சில் மறைந்த அந்தச் சொல்லின் உறவு, காரைக்காலோடு ஒரே ஆட்சியில் இருக்கும் ஏனாமில் தெலுங்காக வாழ்கிறது. அங்கே முதுகு ‘வென்னு’, முதுகெலும்பு ‘வென்னெமுக’. கன்னடத்தில் ‘பென்னு’. அதே ஆட்சியிலுள்ள மாகேயின் மலையாளம் மட்டும் வேறு வழியில் போய் ‘நட்டெல்லு’ என்கிறது. எல்லு என்றால் எலும்பு.

முதுகு எந்தப் பக்கம்? நீந்தும் மீனுக்கு மேலே, நிற்கும் மனிதனுக்குப் பின்னே. அதனால்தான் உடற்கூற்றியல் இரண்டுக்கும் பொருந்த முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்று உடலை வைத்தே திசை சொல்கிறது. மனிதனைப் பற்றிப் பேசும்போது, நிமிர்ந்து நின்று உள்ளங்கைகளை முன்னே காட்டும் நிலையே அளவுகோல். படுத்துக் கிடந்தாலும் தலைப்பக்கம் ‘மேல்’தான். கையின் பின்பக்கத்தையும் பாதத்தின் மேற்பக்கத்தையும் அந்தத் துறை முதுகுப்புறம் என்றே வகுக்கிறது. தமிழ் அவற்றைப் புறங்கை, புறங்கால் என்கிறது. புறம் என்பதற்கும் முதுகு என்ற பொருள் உண்டு.

முள்ளெலும்புகள் பிறப்பில் பொதுவாக 33: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5 ஒன்றிணைந்து திரிகமாகின்றன, கடைசி 4 வால் எலும்பாகின்றன. உடற்பாரம் இடுப்புப் பகுதியில் மிகுதியாக இறங்குவதால், முதுகுவலிக்காரரின் ஸ்கேன் தாளில் ‘எல்4–எல்5’ அடிக்கடி வருகிறது. “இடுப்பின் நாலாம் முள்ளெலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் ஜவ்வு பின்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது” என்று மருத்துவர் சொன்னால், வலை இழுத்து முதுகு நொந்தவருக்குத் தன் வலி இருக்குமிடம் புரியும். அதைச் சொல்லத் தேவையான சொற்கள் எல்லாமே தமிழில் புழக்கத்தில் இருக்கின்றன. நோயாளியிடம் அவற்றைப் பேச வேண்டும்.