கோணலாக உட்கார்ந்த மாணவியும் ஒரு நைலான் துண்டும்



இருபது ஆண்டுகளுக்கு முன் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எப்போதும் ஒரு தோளைச் சாய்த்தே உட்காருவாள். "நேரா உட்காரும்மா" என்று எல்லார் முன்னாலும் பலமுறை அதட்டியிருக்கிறேன். அவளுடைய முதுகெலும்பே வளைந்திருந்தது எனக்குத் தெரியாது.

போன மாதம் போன் செய்தாள். "சார், முதுகுல ஆபரேஷன் முடிஞ்சுது. இப்ப நேரா உட்காருறேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், எங்க வீட்டுலயே யாருக்கும் தெரியலையே" என்றாள். பிறகு ஒரு படம் அனுப்பினாள். இரண்டு குழல்கள் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை நைலான் துண்டு. "இதை வச்சுப் பார்த்துத்தான் ஸ்க்ரூ போட்டாங்க சார்."

வரலாறு நடத்தியவன் சும்மா இருப்பேனா? தேடிப் படித்தேன். அவள் அனுமதியோடு எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக 1950களில் உலோகக் கம்பியும் கொக்கியும் கொண்டு முதுகை நிமிர்த்தும் முறையை உருவாக்கினார். 1963இல் பிரான்சின் ரேமோன் ரோய்-கமீல், முள்ளெலும்பின் காம்பு போன்ற பகுதி வழியாகத் திருகாணியைச் செலுத்தினார். பிடிப்பு உறுதி. ஆபத்தும் அங்கேதான். மார்புப் பகுதியில் அந்தக் காம்பின் அகலம் சில மில்லிமீட்டர்தான். அதை ஒட்டியே தண்டுவடம். வழி தவறினால் கால் செயலிழக்கலாம். வளைந்த முதுகில் எலும்புகள் திரும்பியும் இருக்கும். மருத்துவர் கண்ணுக்குத் தெரிவதோ எலும்பின் மேற்புறம் மட்டும்.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு கண்டுபிடிப்புகள் கைகொடுத்தன. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படம் எடுத்தது. 1986இல் அமெரிக்கர் சக் ஹல், ஒளிபட்டால் இறுகும் திரவத்தைக் கொண்டு பொருள்களை உருவாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முன்னது உடலை அடுக்கடுக்காகப் படித்தது. பின்னது பொருளை அடுக்கடுக்காகக் கட்டியது.

ஜெர்மனியின் ஆகனில் கிளாஸ் ராடர்மாகர் குழுவினர் 1990களில், ஸ்கேன் படத்தைப் பார்த்து அந்தந்த நோயாளியின் எலும்புக்கே பொருந்தும் வழிகாட்டி அச்சுகளைச் செய்தார்கள். அப்போது இயந்திரத்தால் கடைந்தார்கள். பின்னாளில் முப்பரிமாண பிரிண்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

பல்செட்டுக்கு அச்செடுப்பது போலத்தான். வழிகாட்டியின் அடிப்பக்கம் அந்த ஒரு முள்ளெலும்பின் மேடு பள்ளத்தில் மட்டும் கச்சிதமாக உட்காரும். திருகாணி போகவேண்டிய கோணத்தைக் கணினியில் முன்பே முடிவு செய்து, அதே கோணத்தில் குழல் வைத்திருப்பார்கள். குழல் வழியே துளையிட்டதும் துண்டை எடுத்துவிடுவார்கள். பயப்படும் சொந்தங்கள் கவனிக்க: அது உடம்புக்குள் தங்குவதில்லை.

ஆனாலும் கைத்திறன் இல்லாமல் நடக்காது. எலும்பின் மேலுள்ள தசையைச் சுத்தமாக விலக்காவிட்டால் வழிகாட்டி சரியாக உட்காராது, கோணமும் மாறிவிடும். வடிவமைத்து அச்சிட நாளும் செலவும் ஆகும். அதனால் எல்லா அறுவைக்கும் இது தேவைப்படுவதில்லை.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளையின் தோள் ஏறி இறங்கித் தெரிந்தால் அதட்டாதீர்கள். பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளையை முன்னால் குனியச் சொல்லி, முதுகின் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். புடைத்திருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டட்டும்.

நான் அன்று அதைச் செய்யவில்லை.