வாசகர் தரும் முற்பணமும் சித்திரக்கதைகளின் சுதந்திரமும்

வானிற் பறக்கும் சூப்பர்மானை அறியாத பிள்ளைகள் எமது இல்லங்களில் இல்லை. அவனைப் படைத்தவர்களுக்கு நேர்ந்த கதியை அறிந்த பெரியோர் மிகச் சிலரே. ஜெரி சீகல், ஜோ சூஸ்டர் ஆகிய இருவரும் குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சூஸ்டர் பிறந்தது ரொறன்ரோ நகரில். 1938ஆம் ஆண்டில் தமது வீரனின் முழு உரிமையையும் 130 டொலருக்குப் பதிப்பகத்தாரிடம் இவர்கள் எழுதிக் கொடுத்தனர். வழக்குகள் தோற்றன. வறுமையும் சூழ்ந்தது. 1975இல் பொதுமக்களின் கண்டனம் வலுத்த பின்னரே, ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகை அவர்களுக்குக் கிடைத்தது.

படைப்பாளி தன் படைப்பை விற்றுவிடாமல் வாழ வழியுண்டா என்னும் கேள்வி அன்றிலிருந்தே சித்திரக்கதை உலகைத் தொடர்ந்து வந்துள்ளது. 1968இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் றொபேட் கிறம் என்னும் ஓவியர் தமது 'சாப்' இதழைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவிலே விற்றார். 1977இல் டேவ் சிம் என்பவர், எம்மவர் பெருமளவில் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் கிச்சனர் நகரிலிருந்து 'செரிபஸ்' என்னும் இதழைத் தாமே வெளியிடத் தொடங்கி, 2004இல் 300ஆவது இதழோடு நிறைவு செய்தார்.

அகதிகளாகிய நாம் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டியது 'மவுஸ்' என்னும் நூலை. நாசி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய பெற்றோருக்கு 1948இல் சுவீடனிற் பிறந்தவர் ஆர்ட் ஸ்பீகல்மன். தந்தையார் சொன்ன துயரக் கதையை அவர் சித்திரமாக்கினார். 1980 முதல், தாமும் மனைவியாரும் நியூயோர்க்கில் சொந்தமாக நடத்திய 'றோ' சஞ்சிகையிலேயே அதனை அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். பதிப்பகங்கள் பல நிராகரித்த அக்கதை 1986இல் நூலாயிற்று. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசைப் பெற்றது. சொந்த இதழ் ஒன்று இல்லாதிருந்தால் அந்தத் தந்தையின் சாட்சியம் உலகின் காதுக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

எனினும் அச்சுக்கூலி எப்போதும் முன்னே நின்று அச்சுறுத்தியது. அதற்கான மருந்து பழைய வழக்கம் ஒன்றில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஹோமரின் காவியத்தை மொழிபெயர்த்த ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், வாசகரிடம் முற்பணம் பெற்றே அதனை வெளியிட்டார். பிரபுக்களின் தயவின்றி வாழவும் அவரால் முடிந்தது. 2009இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'கிக்ஸ்டாட்டர்' நிறுவனம் இதே வழக்கத்தை இணையத்தின் வழியே புதுப்பித்தது. குறித்த தொகை குறித்த நாளுக்குள் சேர்ந்தாற்றான் பணம் அறவிடப்படும். சேராவிடின் எவரும் ஒரு சதமும் இழப்பதில்லை.

2012இன் தொடக்கத்தில் றிச் பேர்லியூ என்னும் ஓவியர், அச்சில் இல்லாதுபோன தமது சித்திரக்கதை நூலை மீண்டும் பதிப்பிக்க 57,750 டொலர் கேட்டார். ஏறத்தாழ 15,000 வாசகர்கள் 12 இலட்சத்து 54 ஆயிரம் டொலரை வழங்கினர். அதே ஆண்டில் அவரது கை காயமுற்றது, வாக்களித்தவை தாமதமாயின. முற்பணம் தருவோர் பொறுமையையும் சேர்த்தே தரவேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று. 1976இல் தொடங்கிய சியாட்டில் நகரத்து 'பன்ராகிராபிக்ஸ்' பதிப்பகம், அதன் இணை வெளியீட்டாளர் கிம் தொம்சன் 2013இல் மறைந்தபோது பெரும் நெருக்கடிக்குள்ளானது. அது 150,000 டொலர் வேண்டிநின்றது. வாசகர் தந்ததோ 220,000 டொலருக்கும் மேல்.

இவ்வரலாறு எம் வாசலுக்கும் வந்துள்ளது. 2017இல் இங்கிலாந்தின் 'நியூ இன்ரர்நஷனலிஸ்ற்' சஞ்சிகை தன் வாசகரிடமே பங்குகளை விற்றது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் 700,000 பவுணுக்கு மேல் அளித்து அதன் உரிமையாளராயினர். அந்த நிறுவனமே 2019இல் 'வன்னி' என்னும் சித்திர நூலை வெளியிட்டது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளர் வன்னியை விட்டு வெளியேற்றப்படும் வரை அங்கு கடமையாற்றிய பென்ஜமின் டிக்ஸ் எழுத, லிண்சி பொலொக் வரைந்தார். ஆழிப்பேரலை முதல் இறுதிப் போர் வரை எமது மக்கள் பட்ட பாடு அந்நூலிற் பதிவாகியுள்ளது.

அந்நூலுக்கு நாம் நன்றியுடையோம். அதேவேளை, எமது கதையை எமது பிள்ளைகளே வரையும் நாள் எப்போது வரும் என்றும் கேட்கிறோம். கோயிலுக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் நிதி திரட்டிப் பழகிய சமூகம் எம்முடையது. சித்திரக்கதை வாசிப்பும் எமக்குப் புதிதன்று. 1972இல் சிவகாசியிற் பிறந்த முத்து காமிக்ஸ் இதழ்கள் யாழ்ப்பாணத்தில் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டதை மூத்தோர் அறிவர். அந்நிறுவனமும் இன்று வாசகர் தரும் சந்தாவையும் முன்பதிவையும் நம்பியே இயங்குகிறது.

ஆகவே, இளையவர் ஒருவர் வரைந்த தாள்களோடு எம்மிடம் வருவாராயின், திட்டத்தையும் செலவுக் கணக்கையும் கேட்போம். நூல் எப்போது கைக்கு வரும் என்றும் கேட்போம். விடை நேர்மையாக இருப்பின் ஒரு பிரதிக்கான பணத்தை முன்கூட்டியே கொடுப்போம். அது தானமன்று, எம் கதைக்கு நாமே செலுத்தும் விலை. முகாமையும் கடலையும் எல்லையையும் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கும்போதே அந்த நூல்கள் அச்சேற வேண்டும்.