கடல்கோளின் பின் எழுந்த மனைகள்

கடல் கரையைக் கடந்து ஊரை விழுங்கிய செய்தி தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகின்றது. 1964ஆம் ஆண்டு டிசெம்பரிலே தனுஷ்கோடி அழிந்ததை நம் சங்கத்து முதியோர் பத்திரிகையிற் படித்திருப்பர். ஆனால் ஊர் அழிந்ததைக் கூறும் நூல்கள், எஞ்சியோர் எங்கே குடியேறினர், எதனாற் சுவர் எழுப்பினர் என்பதைக் கூறுவதில்லை. அக்குறை நம் காலத்துக்கும் நேர்ந்துவிடலாகாதென்றே, 2004ஆம் ஆண்டுக் கடல்கோளின் பின் அம்பாறைக் கரையில் வீடுகள் எழுந்த வரலாற்றை எழுதத் துணிந்தோம். காரைதீவும் பாண்டிருப்பும் போன்ற நம் ஊர்களும் அன்று கண்ணீரில் மூழ்கியவையே. ஆயினும் இம்மாவட்டத்தில் உயிரும் மனையும் அதிகம் இழந்தவை முஸ்லிம் ஊர்கள். ஆதலின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டோம். காரைதீவான் ஒருவனுக்குச் சாய்ந்தமருது வேற்றூர் அன்று. வேலிக்கு அப்பாலுள்ள அயல்.

அன்று டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை. இலங்கை முழுவதிலும் மாண்டவர் முப்பத்தையாயிரத்துக்கு மேல் என்பர். அவருள் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். இங்கே இழப்பு இவ்வளவு பெருகியதற்கு நிலத்தின் அமைப்பே பெருங்காரணம். கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலே நெடுஞ்சாலை ஓடும் ஒடுங்கிய மணற்றிட்டு. அத்திட்டிலே ஊரோடு ஊர் ஒட்டி, வளவோடு வளவு நெருங்கி, கடலின் வாசல்வரை மக்கள் வாழ்ந்தனர். மணலின்மேல் வீடு கட்டிய மூடனின் கதையை மிஷன் பாடசாலையில் நாமும் படித்தோம். ஆனால் கல்முனையானுக்குக் கற்பாறை எங்கே உண்டு? அவனுக்கு இறைவன் அளித்தது மணல்தான்.

அம்மணலில் நம் பாட்டன்மார் கட்டிய வீட்டைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். மண்சுவர், கிடுகுக் கூரை, முன்னே திண்ணை, பின்னே தனியாக அடுப்படி, வளவில் ஒரு கிணறு, சுற்றிவரக் கிடுகுவேலி. வசதியுள்ளோர் சுண்ணாம்புச் சாந்தும் ஓடும் கொண்டு கட்டினர். தென்னை வளவிலேயே நின்றது. கூரை பழுதானால் ஓலை மேலேயே இருந்தது. மணலுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். அதனாற் கிணற்றை ஆழத் தோண்டாமல் அளவாக இறைத்தனர். இவ்வீடு பேரலையைத் தாங்கியிருக்குமா? தாங்கியிராது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும் இத்தகைய வீடுகளே முதலில் வீழ்ந்தன. பழைமையின் மேலுள்ள பற்றினால் இதனை மறைத்தல் தகாது. ஆனால் வீழ்ந்த வீடு மண்ணோடு மண்ணாயிற்று; மறுபடி எழுப்பக் காட்டையும் ஆற்றையும் கொள்ளையிட வேண்டியதில்லை.

கடல்கோளின் பின் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டலாகாத வலயமொன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அகன்ற நிலமுள்ள ஊருக்கு 200 மீற்றர் ஒரு பொருட்டன்று. கல்முனைக்கோ அஃது ஊரின் பெரும்பங்கு! பின்னர் அவ்வளவு தளர்த்தப்பட்டு இடத்துக்கு இடம் வேறுபட்டது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரே 'அறுபத்தைந்து மீற்றர்' என்று வழங்குகின்றது. ஓர் அளவுகோல் ஊர்ப்பெயராகும் காலத்தையும் கண்டோம்.

எல்லைக்கு வெளியே இருந்தோருக்கு, முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. கொத்தனைத் தாமே அமர்த்தித் தம் விருப்பப்படி கட்டினர். சீமெந்தும் மணலும் விலையேறியதால் இடையில் தடைப்பட்டோர் பலர். எல்லைக்குள் அகப்பட்டோருக்கோ காணியே இல்லை. தேடிய இடத்திலெல்லாம் வயலும் சதுப்புமே இருந்தன. ஆகவே அவற்றைக் கிரவல் இட்டு நிரப்பினர். வயலென்பது நெல் விளையும் இடம் மாத்திரமன்று. மாரியில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் தங்கி இளைப்பாறும் மடியுமாகும். மடியை அடைத்தால் வெள்ளம் மனைக்குள் வரும். 2011 ஜனவரியில் அம்பாறையையும் மட்டக்களப்பையும் பெருவெள்ளம் மூடியபோது இதனை எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி, கொடையாகக் கிடைத்த வீடு எப்படிப்பட்டது? 500 சதுர அடி, சீமெந்துக் கற்சுவர், பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் தகட்டுக் கூரை. நண்பகலில் அத்தகட்டின் கீழ் இருப்பது அடுப்பின்மேல் இருப்பதை ஒக்கும். தகடு உடைந்தால் அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவர் கூற்று. சீமெந்துக் கல்லுக்கு வேண்டிய மணலை ஆறுகள் ஈந்தன. ஈந்து ஈந்து கரை இடிந்தன. சாய்ந்தமருதிலே இத்தகைய வீடொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். வீட்டினுள்ளே சீமெந்து மேடையிட்ட சமையலறை துப்புரவாகவும் வெறுமையாகவும் கிடந்தது. பின்புறம் நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் அடுப்பு எரிந்தது. நாம் வியந்து நின்றதைக் கண்ட அவ்வீட்டு மூதாட்டி சிரித்து, "அது தந்த ஆக்கள்ட குசினி மகன். விறகு வெச்சா வீடெல்லாம் புகை. இதுதான் நம்மட குசினி" என்றார். மருதமுனை நெசவாளரை எண்ணினோம். 500 சதுர அடிக்குள் தறியை எங்கே வைப்பது என்று படம் வரைந்தவர் எவரேனும் அவர்களைக் கேட்டாரா?

கேட்டுக் கட்டிய இடமும் இத்தீவில் உண்டு. அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையில், முஸ்லிம் மீனவர்க்காக யப்பானியக் கட்டடக் கலைஞர் சிகேரு பான் வரைந்த வீடுகள் 2007ஆம் ஆண்டளவில் நிறைவுற்றன. இவர் 1995ஆம் ஆண்டுக் கோபே பூகம்பத்தின்போது காகிதக் குழாய்களால் வீடு கட்டிப் பெயர்பெற்றவர். கிரிந்தையில் அவர் கையாண்டது மண். மண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து, பொறியில் அழுத்தி, சூளையில் வேகவையாது உலர்த்திய கற்கள் அவை. விறகும் வேண்டாம், பெருந்தேர்ச்சி பெற்ற கொத்தனும் வேண்டாம். கதவுக்கும் தடுப்புக்கும் இறப்பர் மரம். பால் வற்றியபின் எப்படியும் வெட்டப்படுவது. வீட்டுக்கும் அடுப்படிக்கும் இடையே காற்றோடும் கூரையிட்ட முற்றம். விருந்தினர் வரும்போது பெண்கள் மறைவாய் இருக்கத் தடுப்பு. 2013ஆம் ஆண்டு ஆகாகான் கட்டடக்கலைப் பரிசுக்குத் தெரிவான இறுதிப் பட்டியலில் இவ்வீடுகள் இடம்பெற்றன. கல்முனையின் வெறும் மணல் இக்கல்லுக்கு உதவாது என்பது மெய்யே. ஆனால் வயலை நிரப்ப மேற்கிலிருந்து ஏற்றிவந்த கிரவலிலே ஒரு பங்கு சுவராகியிருக்கலாமன்றோ?

சுவரின் குறையிலும் பெரிய குறையொன்றுண்டு. அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையிலே சவூதி அரேபியாவின் கொடையால் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு வழங்குவது என்ற இனப்பிணக்கு எழுந்து, வழக்கு உச்சநீதிமன்றம் சென்று, வீடுகள் ஆண்டுக்கணக்காகக் குடியின்றிக் கிடந்து பற்றை மூடின. அவ்வழக்கை விசாரிப்பது நம் வேலையன்று. ஆயினும், எத்துணைச் சிக்கனமாகக் கட்டினும், ஒருவரும் விளக்கேற்றாத வீட்டிற் போட்ட சீமெந்தும் மணலும் மரமும் முழுவதும் வீணே. அயலவன் வீடின்றி நிற்க, அவன் வீடு பூட்டிக்கிடந்ததைக் கண்டு நம்மவருட் சிலரும் வாளாவிருந்தனர் என்பதை இம்மலரில் எழுதாது விடுவதற்கில்லை.

கீழ்க்கரையிலே, இந்துவாயினும் முஸ்லிமாயினும், வீடென்பது மகளுக்கு உரியது. பெற்றோர் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்க, மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் அதே வளவில் ஓரமாய் இன்னொரு சிறுகுடில் அமைத்து அடுத்த மகளுக்காக உழைப்பர். இவ்வழக்கத்தை அறியாத திட்டங்கள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று கணவன் பெயரையே எழுதின. குடியேற்றத் திட்டக் காலத்துப் பழக்கம் அது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் உரிமை வழியில் ஆணையே முற்படுத்தியிருந்தது. தாய்வழி வந்த வளவைக் கடலிடம் இழந்த பெண், புதுவீட்டை எழுத்திலே இழந்தாள்.

கொடை வீடு ஒரு குடும்பத்துக்கு ஒன்றே. மாடிவீடாயின் வளவென்பதே இல்லை; தனிவீடாயினும் இரண்டாவது அத்திவாரம் வெட்ட இடமில்லை. கடல்கோளுக்கு அடுத்த ஆண்டு, கூடாரங்களிற் பிறந்த பெண்குழந்தைகளுக்கு இருபது வயது கடந்துவிட்டது. சீதன வீட்டுக்கு நிலம் தேடும் தந்தையர் மறுபடியும் மேற்கே நோக்குகின்றனர். கரைவாகு வயலோரத்தில் உழவு இயந்திரப் பெட்டிகள் கிரவலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன.