ஐம்பத்து நான்காம் இலக்கப் பிழை: முறையிட்டோரும் மறுத்தோரும்

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றின் பழுதுகளை முதலிற் கண்டோர் யாவர், அவர்தம் முறையீடு எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்னும் வினாக்கள் அதில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. உயிர்குடித்த மென்பொருட் பிழைகளுள் நன்கு ஆராயப்பட்டதாகிய தெராக்-25 விவகாரத்தை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவோம்.

கனடிய அரசுக்குரிய அணுசக்தி நிறுவனம் ஆக்கிய இப்புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரத்தைப் பி.டி.பி.-11 கணினியொன்று இயக்கியது. முந்திய தெராக்-20 இயந்திரத்தில் மென்பொருளைச் சாராத பாதுகாப்புச் சாதனங்கள் இருந்தன. தெராக்-25 இல் அப்பொறுப்பு பெருமளவு மென்பொருளிடமே விடப்பட்டது. எனினும், 1983 இல் நிறுவனம் நடத்திய பாதுகாப்பு ஆய்வு மென்பொருட் பிழைகளைக் கணக்கிற் கொள்ளவில்லை. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை நோயாளர் அறுவர் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுட் சிலர் அதனாலேயே இறந்தனர்.

1986 மார்ச்சில், டெக்சஸ் மாநிலத்து டைலர் நகர் வைத்தியசாலையில், இயக்குநர் தட்டச்சிட்ட ஓர் எழுத்தை விரைந்து திருத்தினார். 'பிழை 54' என்று திரை அறிவித்தது. அதன் பொருளை உணர்த்தும் விளக்கம் கைந்நூலில் இல்லை. இத்தகைய அறிவிப்புகள் அன்றாடம் தோன்றியவை. ஒரு விசையை அழுத்திச் சிகிச்சையைத் தொடர்வது வழக்கமாகியிருந்தது. அவரும் அவ்வாறே செய்தார். ஐந்து மாதங்களில் அந்நோயாளி இறந்தார். இயந்திரம் மிகைக்கதிர் செலுத்த முடியாதென்றும் வேறு விபத்து எதையும் தாம் அறியோமென்றும் நிறுவனத்தார் கூறினர். அடுத்த மாதமே அங்கு இரண்டாம் விபத்து நிகழ்ந்தது.

உண்மையை வெளிக்கொணர்ந்தோர் வைத்தியசாலைப் பௌதிகவியலாளர் பிரிட்ஸ் ஹேகரும் அவ்வியக்குநருமே. மீண்டும் மீண்டும் தட்டச்சிட்டு, திருத்தத்தின் வேகமே பிழையைத் தூண்டுகிறது என அவர்கள் நிறுவினர். வேலையிற் பழகிய கையின் வேகம், அவ்வேலையைச் செய்யாத பொறியியலாளரின் சோதனைக்கு அகப்படவில்லை. இதே பிழை தெராக்-20 இலும் இருந்தமை பின்னர் தெரியவந்தது. ஆயின், ஆங்கு உருகிகள் எரிந்தனவேயன்றி எவரும் மாளவில்லை. ஆகவே, மரணத்தின் காரணத்தை ஓர் இயக்குநரின் விரலிலோ ஒரு நிரல்வரியிலோ மட்டும் தேடுதல் பொருந்தாது. பாதுகாப்பை அகற்றிய முடிவிலும், உழைப்போர் அறிவை அறிவென ஏற்காத உறவுமுறையிலும் அது தேடப்படவேண்டும்.

1987 ஜனவரியில் யாக்கிமாவில் நிகழ்ந்த விபத்தின் காரணமோ வேறு. 255 வரையே எண்ணவல்ல எட்டுப் பிட் மாறியொன்று அடுத்த எண்ணிக்கையிற் சுழியமாகிச் சரிபார்த்தலைத் தவிர்த்தது. இன்றைய நுண்கட்டுப்படுத்திகளுக்கும் இவ்வபாயம் உண்டு. கொல்பிழை நேர்ந்ததும், காவல் நேரங்காட்டி அவற்றை மீளத் தொடக்கிவிடும். தொடக்குமுன் காரணத்தை அழியா நினைவகத்திற் பதியாவிடின் சான்று பெரிதும் அழிந்துபோகும். எஞ்சுவது கண்டவர் வாய்மொழியே.

பூநகரிக்கு இது தொலைதூரக் கதையன்று. 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளுக்குச் செல்லும் நோயாளியும், சூரியமின் கருவியைப் பயன்படுத்தும் கமக்காரரும் பிறமொழிக் குறியீடுகளாய்த் தோன்றும் அறிவிப்புகளையே எதிர்கொள்கின்றனர். தாம் கண்டதைத் தமிழிற் சொன்னால் அதனைப் பதிவுசெய்து பதிலிறுக்கக் கடப்பாடுடையவர் யார்?

தெராக்-25 ஐப் பயன்படுத்தியோர் 1986 ஆகஸ்டில் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்தனர். தனித்தனியே மறுக்கப்பட்ட முறையீடுகள் அதன்பின் கூட்டுச் சாட்சியமாயின. பிழையறிவித்தல் தொழில்நுட்பக் கருமம் மட்டுமன்று, அது ஓர் உரிமையுமாகும் என்பதே அவர்களின் அனுபவம் நமக்குணர்த்தும் உண்மை.