கூழைக்கடாவும் மாவட்ட எல்லைகளும்

திருப்பதி மாவட்டத்தில் புள்ளியலகுக் கூழைக்கடா எந்த ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது? குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபடும் மாணவர் எவரும் கேட்கக்கூடிய எளிய வினா இது. விடை அத்துணை எளிதன்று. திருப்பதி மாவட்டம் பிறந்ததே 2022 ஏப்ரல் 4ஆம் நாளில்தான். பறவையோ அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கிருந்தது. ஆகவே ஓர் அரிய நீர்ப்பறவையின் வரலாற்றைத் தேடுபவர், பறவையைத் தேடுமுன் மாவட்ட எல்லைகளைத் தேட வேண்டியவராகிறார்.

நாராயணவனத்தையே எடுத்துக்கொள்வோம். 1911 ஏப்ரல் வரை அது வடஆர்க்காடு மாவட்டத்து ஊர். பின்னர் சித்தூர் மாவட்டத்தது. இன்று திருப்பதி மாவட்டத்தது. ஊர் நகரவில்லை, ஏடுகளில் அதன் முகவரி மட்டும் மாறிற்று. அதற்கு அண்மையிலுள்ள பிச்சாட்டூரில் அணை கட்டப்பட்ட ஆரணியாறு, ஊத்துக்கோட்டை வழியே கிழக்கு நோக்கிச் சென்று பழவேற்காட்டை அடைகின்றது. தமிழில் பழவேற்காடு என்றும் தெலுங்கில் பிரளயகாவேரி என்றும் வழங்கும் அந்த ஏரியின் மேற்கே, சூளூர்ப்பேட்டைக்கு வடக்கில், நேலப்பட்டுப் பறவைகள் காப்பகம் உள்ளது. புள்ளியலகுக் கூழைக்கடா கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களுள் புகழ்பெற்றது அது. 2022 வரை நேலப்பட்டு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. நாராயணவனமும் நேலப்பட்டும் ஒரே மாவட்டத்தின் பகுதிகளாகி ஐந்தாறு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. "திருப்பதி" என்று தட்டெழுதித் தரவுத்தளத்தைத் துழாவுபவருக்குப் பழைய பதிவுகள் சிக்காததற்குக் காரணம் இதுவே.

இடப்பெயரால் நேரும் பிழைக்கு இதனினும் கூரிய சான்று ஜெர்டன் எழுதிய குறிப்பில் உண்டு. நெல்லூரில் அரசு மருத்துவராகப் பணியாற்றியவர் டி. சி. ஜெர்டன். 1862 முதல் 1864 வரை வெளிவந்த தம் இந்தியப் பறவைகள் நூலில், கர்நாடிக் பகுதியில் தாம் நேரில் கண்ட கூழைக்கடாக் குடியிருப்பு ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஊர் நடுவே அதிக உயரமில்லாத மரங்களில் அவை கூடு கட்டியிருந்தன என்றும், மனிதர் அருகிலேயே நடமாடியதைப் பொருட்படுத்தவில்லை என்றும் எழுதும் அவர், ஊரின் பெயரைத் தரவில்லை.

இன்றைய வாசகர் "கர்நாடிக்" என்னும் சொல்லைக் கண்டவுடன் கர்நாடக மாநிலத்தை நினைப்பார். அங்கே கொக்கரெ பெள்ளூரில் வீடுகளுக்கு இடையிலுள்ள மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதும் உண்மை. எனவே இரண்டையும் இணைத்து மனம் எளிதில் நிறைவடைந்துவிடும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில வழக்கில் கர்நாடிக் என்பது கிழக்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே, சோழமண்டலக் கரையோரமாக விரியும் சமவெளி. நெல்லூரும் ஆர்க்காடும் அடங்கிய நிலம். சொல்லின் பொருள் மாற்றத்தைக் கவனியாவிடில், ஒரு பறவைக் குடியிருப்பு முழுவதையும் மலை கடத்தி மைசூர்ப் பீடபூமியில் இறக்கிவிடுவோம்.

அதே குறிப்பில் மொழியியல் மாணவர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உள்ளது. அப்பறவைகள் பன்னெடுங்காலமாக அங்கே கூடு கட்டி வருவதாகத் தம்மிடம் சொல்லப்பட்டது என்று ஜெர்டன் இடைப்பிறவரலாக எழுதுகிறார். சொன்னவர் யார்? தமிழாயின் "கட்டுகின்றனவாம்" என்று ஓர் "ஆம்" சேர்த்திருப்பார். தெலுங்காயின் "அட" சேர்த்திருப்பார். கேள்வியறிவைக் கண்டறிவினின்று பிரித்துக்காட்டும் இடைச்சொற்கள் இவ்விரு மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் அது ஓர் இடைச்செருகலாகச் சுருங்கிவிட்டது. குடியிருப்பின் தொன்மைக்கு அதில் உள்ள ஒரே சான்று ஊராரின் கூற்று. அந்தச் சான்று நூலில் நின்றது, சொன்னவர் நிற்கவில்லை.

பெயர்களைச் சற்று நோக்குவோம். இப்பறவையின் அறிவியற்பெயர் பெலிகானஸ் பிலிப்பென்சிஸ். 1789இல் மெலின் இட்ட பெயர் பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சுட்டுகிறது. 1960களுக்குள் அத்தீவுகளில் இப்பறவை அற்றுப்போயிற்று. பறவை இல்லாத நாட்டின் பெயரைத் தாங்கி, அது இன்று இந்தியாவிலும் இலங்கையிலும் கம்போடியாவிலும் வாழ்கிறது. தெலுங்குப் பெயரோ பறவையின் உடலையே சுட்டுகிறது. "கூடபாத்து" என்றும் "கூடகொங்க" என்றும் அதனை வழங்குவர். முன்னதன் பின்னுறுப்பு வாத்தையும், பின்னதன் பின்னுறுப்பு கொக்கையும் குறிப்பவை. முன்னுறுப்பாகிய "கூட", வயலுக்கு நீர் இறைக்கும் கூடை. அலகின் கீழே தொங்கும் தோற்பையில் நீரோடு மீனை அள்ளி, நீரை வடித்து மீனை விழுங்கும் பறவைக்கு, ஏற்றமும் இறைகூடையும் அறிந்த உழவர் இட்ட பெயர் அது. தமிழில் "கூழை" குட்டையானதை, நுனி குறைந்ததைக் குறிக்கும். "கடா" ஆண் எருமையையும் ஆட்டையும் குறிக்கும். வயலும் தொழுவமும் அறிந்த மக்களின் சொற்கள் இவை. இப்பெயர்களை வழங்கியோர் பறவையை அண்மையில் நின்று நெடுநாள் கண்டவர்கள் என்பதற்குப் பெயர்களே சான்று.

இப்பின்னணியில்தான் "கண்டுபிடிப்பு" என்னும் சொல்லை எடைபோட வேண்டும். 1906 ஜூனில் சி. இ. ரேனியஸ் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திற்குச் சென்றபோது, ஊரார் அப்பறவைகளை ஏறத்தாழப் புனிதமாகவே மதித்துக் காத்து வந்தனர். 1946இல் கொல்லேறு ஏரிப் பகுதியில் ஏறக்குறைய 3000 கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்த குடியிருப்பைக் கே. கே. நீலகண்டன் கண்டுபிடித்தார் என்று நூல்கள் கூறும். பிற்காலத்தில் இந்துசூடன் என்ற பெயரில் கேரளப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். அவருடைய உழைப்பை இது சிறிதும் குறைக்காது. ஆயினும் 3000 பெரும்பறவைகள் தம் ஊரருகே கூடு கட்டுவதை அவ்வூரார் அறியாதிருந்திருக்க முடியாது. ஆய்விதழுக்கு அச்செய்தி எட்டிய ஆண்டே 1946.

அக்குடியிருப்பு 1975ஐ ஒட்டிக் கைவிடப்பட்டது. நேலப்பட்டு 1976இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு ஆண்டுகளைக் கண்டதும், "கொல்லேற்றுப் பறவைகள் நேலப்பட்டுக்குப் பெயர்ந்தன" என்று ஒரு தொடர் தானாகவே உருவாகும். இங்கே நிதானம் வேண்டும். முதலாவது, பறவையின் செயலுக்குரிய ஆண்டு. இரண்டாவது, அரசாணைக்குரிய ஆண்டு. இருவகை ஆண்டுகளை ஒரே கோட்டில் அடுக்கிக் காரணகாரியம் காண்பது வரலாற்று முறையன்று. பறவைகள் கூடியிருந்ததனால்தான் அவ்விடம் காப்பகமாயிற்று. ஆணையைப் படித்துவிட்டுப் பறவைகள் வரவில்லை.

இன்னொரு பழக்கமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. குளிர்காலத்தில் தென்படும் பெரிய நீர்ப்பறவை எதனையும் "சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளி" என்று எழுதுவது செய்தித்தாள்களின் வழக்கம். புள்ளியலகுக் கூழைக்கடா நம் நாட்டிலேயே வாழ்ந்து நம் நாட்டிலேயே குஞ்சு பொரிக்கும் பறவை. வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிறைந்தபின், நேலப்பட்டில் நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் அது கூடு அமைக்கிறது. அயல்நாட்டு விருந்தாளி என்றால் நம் கடமை விருந்தோம்பலோடு முடிந்துவிடும். இங்கே பிறந்து இங்கே இரை தேடும் உயிர் என்றால், ஏரிநீர், மீன்வளம், கரைமரம் ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் நாம் பொறுப்பாவோம்.

இவை யாவும் சொல்லாராய்ச்சி மட்டுமல்ல. 2007இல் உலகச் செம்பட்டியலில் இப்பறவை "அழிவாய்ப்புள்ளது" என்ற நிலையிலிருந்து "அச்சுறுத்தலை நெருங்கியது" என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. மீட்சியின் அளவை முற்காலத்தோடு ஒப்பிட்டே அறிய முடியும். முற்காலக் குடியிருப்புகள் தவறான மாநிலத்தில் வைக்கப்பட்டால், அல்லது ஊரார் நினைவு "முதற்பதிவு" என்னும் சொல்லால் அழிக்கப்பட்டால், இழந்தது எவ்வளவு என்பதும் தெரியாமற்போகும். காப்பகத்திற்கு எல்லை வகுக்கையில், காலங்காலமாகக் காத்த ஊரார் நேற்று வந்தவராகக் கருதப்படும் இடரும் அதனுள் அடங்கியுள்ளது.

ஆதலின், இக்குளிர்காலத்தில் நேலப்பட்டுக்கோ பழவேற்காட்டுக்கோ செல்லும் மாணவர்கள் எண்ணிக்கையோடு நான்கு செய்திகளையும் குறித்து வைத்தல் நலம். குளத்தின் பெயரை ஊரார் ஒலிக்கும் வண்ணமே எழுதுக. மாவட்டப் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுக. பறவைக்கு அவ்வூரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுக. "கண்டேன்", "சொன்னார்கள்" என்னும் இரண்டையும் தனித்தனியே எழுதுக. நூறாண்டு கழித்து மாவட்டம் மீண்டும் பெயர் மாறியிருக்கலாம். அன்று பறவையைத் தேடுபவருக்கு இந்த நான்கு குறிப்புகளும் வழி காட்டும்.