இறந்த பெற்றோர் வழிக் குடியுரிமை

வெளிநாட்டில் பிறந்தவர், தம் தந்தையோ தாயோ இந்தியக் குடிமக்களாக இருந்ததால் பெறுவது வம்சாவளிக் குடியுரிமை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதை வகுக்கிறது. பிள்ளை பிறந்த அன்று பெற்றோருக்கு இந்தியக் குடியுரிமை இருந்ததா என்பதே கேள்வி. பின்னாளில் அவர் இறந்துபோவதால் பிள்ளையின் உரிமை போய்விடாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தந்தை இறந்திருந்தால், இறந்த நாளில் அவருக்கு இருந்த நிலையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது 2-ஆம் பிரிவு.

பிறந்த தேதிக்கேற்ப விதி மாறும். 26-1-1950 முதல் 9-12-1992 வரை பிறந்தவருக்குத் தந்தை வழி மட்டுமே செல்லும். தாய் மட்டும் இந்தியர் என்றால் இப்பிரிவில் இடமில்லை. அதன்பின் பிறந்தவருக்கு இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 3-12-2004 முதல் பிறந்தவர்களை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவை.

தருமபுரி மாவட்டத்தில் இலங்கையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. இப்பகுதி அடங்கிய பழைய சேலம் மாவட்டத்திலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியே பலர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், இப்படிப் போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களுமான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 30-10-1964 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரையும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளையும் ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவ்வாறு குடியுரிமை பெற்ற தந்தைக்கு அதன்பின் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த பிள்ளை, பிறந்த அன்றே இந்தியக் குடிமகன். இந்தியக் குடியுரிமை கோரிய விண்ணப்பம் முடிவாகுமுன் தந்தை இறந்திருந்தால் 4-ஆம் பிரிவு கைகொடுக்காது.

அப்போது 5-ஆம் பிரிவின்படி பதிவு கோரலாம். பெற்றோரில் ஒருவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்தவராயிருந்து, விண்ணப்பதாரர் 7 ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் பெற்று அனுப்புவார். முடிவு மத்திய அரசுடையது. ஆனால், 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து கடவுச்சீட்டு இல்லாமல் படகேறி வந்து, நாகாவதி அணை, தும்பலஹள்ளி அணை போன்ற இடங்களிலுள்ள முகாம்களில் வாழ்வோருக்குச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லே தடை. மலையகத் தமிழர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பெற்றுப் பரிசீலிக்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 17-6-2019 அன்று உத்தரவிட்டது.

பெற்றோர் உயிரோடு இல்லாதபோது காகிதங்களே பேச வேண்டும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ‘இந்தியத் தமிழர்’ என்றிருப்பது இனத்தைத்தான் குறிக்கும், குடியுரிமையை அல்ல. தந்தையின் இந்தியக் கடவுச்சீட்டு அல்லது பதிவுச் சான்றிதழே அடிப்படை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் உறவை நிறுவ உதவும். தருமபுரி தனி மாவட்டமானது 2-10-1965 அன்று. அதற்கு முந்தைய ஆவணங்களில் அரூர், பென்னாகரம் பக்கத்து ஊர்களும் ‘சேலம் ஜில்லா’ என்றே இருக்கும். இதை அதிகாரிகள் முரண்பாடாகக் கருதாமலிருக்க, ஊர், தாலுகாப் பெயர்களை விண்ணப்பத்திலேயே விளக்கிவிடுவது நல்லது.